வாக்கர் நடந்தது எங்கே?

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ரொம்ப வருஷமாக ஒரு சதுரக் கண்ணாடி பாட்டில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போனது. உள்ளே இருந்த சரக்கு என்னைக்கோ தீர்ந்துபோக, அம்மா அதில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்துவிட்டார். சாய்ந்த லேபிளில் ஒரு மனுஷன். தலையில் உயரத் தொப்பி, கையில் பிரம்பு, காலில் பூட்ஸ், விறுவிறுவென்று நடந்துகொண்டே இருப்பார். ஜானி வாக்கர். நடக்கிறவர், அதனால் வாக்கர். பத்து வயதில் எனக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

அந்தப் படத்தை 1908-ல் டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தார். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை திறந்தது 1820-ல். அதாவது கடைக்காரருக்கும் படத்துக்கும் நடுவே எண்பத்தெட்டு வருஷம். பேரைப் பார்த்தார்கள், 'வாக்' என்றால் நடை, நடக்கும் மனிதனைப் போட்டுவிட்டார்கள். விளம்பரத்துக்கு அது சரி.

ஆனால் அந்தப் பெயரின் உண்மையான ஆள் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தொட்டிக்குள், ஈரக் கம்பளித் துணியின் மேல். அந்தத் தண்ணீரிலும் பாதி தண்ணீர் இல்லை, மூத்திரம்.

பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

முதலில் பின்னணி. இங்கிலாந்தில் குடும்பப்பெயர் என்ற வழக்கம் 1066-ல் நார்மானியர் வந்த பிறகுதான் மெல்ல வேர்விட்டது. முதலில் நிலக்கிழார்கள் தங்கள் நிலத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களிடம் அது பரவியது பெரும்பாலும் 1250-க்கும் 1400-க்கும் இடையில். தெற்கில் முன்னதாக, வடக்கில் தாமதமாக.

காரணம் எளிது. ஊரில் பாதிப் பேர் ஜான், மீதிப் பேர் வில்லியம், ராபர்ட். வரி வாங்குகிற மணியக்காரர் என்ன செய்வார்? நம்ம ஊரில் 'மேலத்தெரு முருகேசன்', 'நெட்டை முருகேசன்', 'டெய்லர் முருகேசன்' என்று பிரிக்கிறோமே, அதேதான். இருக்கிற இடம், அப்பா பெயர், உடம்பு வாகு அல்லது குணம், செய்கிற தொழில் என்று நான்கு வழி. ஹில், ஜான்சன், ஷார்ட், ஸ்மித் எல்லாம் அப்படி வந்தவை. 1377, 1379, 1381 ஆண்டுகளில் போட்ட தலைவரிக்கான பட்டியல்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் பல இடங்களில் இது பெயரா, தொழிலா என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒன்றாக இருந்த கடைசித் தலைமுறைகள் அவை. அதன்பின் மகன் ரொட்டி சுட்டாலும் குதிரை மேய்த்தாலும் அப்பாவின் தொழில் அவன் பெயரில் ஒட்டிக்கொண்டது.

வாக்கர் இந்தத் தொழில் வகை. இங்கிலாந்தில் மிக அதிகமாக வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்தினால் முதல் இருபதுக்குள் வந்துவிடும். அத்தனை பேருக்கும் மூத்தவர்கள் செய்த வேலை என்ன?

தொட்டிக்குள் நடக்கிற வேலை

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. சல்லடை மாதிரி இருக்கும். ஆட்டு ரோமத்தின் இயற்கைக் கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கை எடுக்க வேண்டும், துணியையும் இறுக்க வேண்டும்.

கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். துணி சுருங்கும், தடிக்கும், காற்றும் மழையும் எளிதில் புகாத அளவுக்கு நெருங்கும். குளிர்நாட்டில் அது உயிர் காக்கிற விஷயம்.

இதற்காகத் துணியைத் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் மிதித்தார்கள். பிசுக்கை எடுக்கப் பழைய மூத்திரம். சில நாள் வைத்தால் அதில் அமோனியா உண்டாகும். அது காரம். கொழுப்போடு சேர்ந்து ஒருவகை சோப்பாகிவிடும். கூடவே எண்ணெயை உறிஞ்சும் ஒரு களிமண். அந்த மண்ணை நமக்கு நன்றாகவே தெரியும். முகத்தில் பூசிக்கொள்ளக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, முல்தானி மட்டி, அந்த இனம்தான். இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ரெட்ஹில், நட்ஃபீல்டு பகுதியில் வெட்டி எடுத்தார்கள். துணி வியாபாரத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்றால், வெளிநாட்டுக்காரன் கைக்குப் போகக்கூடாதென்று ஏற்றுமதிக்குத் தடையே போட்டிருந்தார்கள்.

மிதித்து முடித்ததும் அலசி, மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். பிறகு முள் நிறைந்த ஒரு காய்ந்த பூவால் வருடி மயிரெழுப்பி, கத்தரியால் சமன் செய்வார்கள்.

புதிய தொழிலும் அல்ல இது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயில் இந்தத் தொழிற்கூடங்கள் தொட்டியோடு கிடைத்திருக்கின்றன. மூத்திர வியாபாரத்துக்கு வரி போட்டதற்காக ரோமப் பேரரசர் வெஸ்பாசியனைச் சொந்த மகனே முகம் சுளித்துக் கேட்டதாகவும், அவர் காசை மூக்கருகே நீட்டி 'நாறுதா?' என்றதாகவும் ஒரு கதை உண்டு.

ஒரே வேலைக்கு மூன்று பெயர்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். இந்த ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று சொற்கள், அதனால் மூன்று குடும்பப்பெயர்கள்.

வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்றால் உருட்டு, புரட்டு. அதைச் செய்கிறவர் 'வெயால்கெரே'. இன்றைய 'வாக்', அதாவது நடை, இதே வினையிலிருந்து பின்னால் பொருள் மாறி வந்ததுதான். அந்தக் காலத்தில் நடப்பதற்குச் சாதாரணமாக வேறு சொல் வைத்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் 'வால்க்கன்' என்றால் இன்றைக்கும் துணியை இப்படி இறுக்குவதுதான், நடப்பது அல்ல. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஈரத் துணியை அடித்து இறுக்குவார்கள். இருபதாம் நூற்றாண்டு வரை நடந்த அந்த வேலைக்கும் 'வாக்கிங்' என்றே பெயர், எழுத்துதான் கொஞ்சம் வேறு.

தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். இது லத்தீன் 'ஃபுல்லோ' வழி வந்தது. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் ஃபுல்லர்கள் உண்டு. குவிமாடக் கட்டடங்களுக்குப் புகழ்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பெயரும் இந்தத் தொட்டியிலிருந்து வந்ததே.

தென்மேற்கில், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். (டக்கர்னா நமக்கு வேற அர்த்தம், அதை மறந்துவிடுங்கள்.) மூலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வதை' என்று பொருள். துணியைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் சரிதான் என்று தோன்றும். எக்ஸிட்டர் நகரில் 1471-ல் இந்தத் தொழில்காரர்களும் நெசவாளர்களும் கட்டிய சங்க மண்டபம் இன்றும் நிற்கிறது. அதற்கு டக்கர்ஸ் ஹால் என்றே பெயர்.

ஆக, ஒருவருடைய பெயர் வாக்கரா, ஃபுல்லரா, டக்கரா என்பதை வைத்து, அவருடைய முன்னோர் எந்தத் திசை இங்கிலாந்தில் துணி மிதித்தார்கள் என்று ஒரு உத்தேசக் கோடு போடலாம். அரிவாளும் கதிரும் ஊருக்கு ஊர் பேர் மாறுகிற மாதிரி.

ஊர்ப் பெயர்களிலும் இது உண்டு. கார்ன்வாலில் டக்கிங்மில். வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர். 1910-ல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பேர்போன டோனிபாண்டி அந்தப் பாண்டியிலிருந்து வந்ததுதான். பாண்டிய நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. யாராவது சம்பந்தப்படுத்தி எழுதுவதற்கு முன்னால் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. எல்லா வாக்கரும் துணி மிதித்தவர் வழி என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நியூகாசில் அருகே வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று அதற்குப் பொருள். அந்த ஊர்க்காரர் சிலருக்கு இடப்பெயராகவும் வந்திருக்கும். அதெல்லாம் கையளவு. தொட்டிதான் பெரிய ஊற்று.

சாட்சி சொல்லத் தகாதவர்கள்

இதுவரை சுவாரசியம். இனி கொஞ்சம் கசப்பு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சில நகரச் சட்டங்கள் கிடைத்திருக்கின்றன. வின்செஸ்டர், மார்ல்பரோ, ஆக்ஸ்ஃபோர்டு, பெவர்லி ஆகிய ஊர்களின் 'நெசவாளர், துணி மிதிப்போர் சட்டம்'. அவற்றின்படி இந்த இரண்டு தொழில்காரர்களும் நகரத்தின் முழு உரிமை பெற்ற குடிமக்கள் அல்ல. அப்படி உரிமை பெற்ற ஒருவனுக்கு எதிராக இவர்கள் சாட்சி சொல்ல முடியாது. துணியைத் தங்கள் இஷ்டப்படி யாருக்கும் விற்க முடியாது. துணியை உண்டாக்குகிறவன் கீழே, விற்கிறவன் மேலே.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு இருந்தது. இவர்களில் ஒருவன் கையில் காசு சேர்ந்து குடியுரிமை வேண்டும் என்றால், தொழிலைக் கைவிட்டதாகச் சத்தியம் செய்து, கருவிகளை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். செய்தால் அவனும் குடிமகன்.

ஏழைக்குத் திறக்காத கதவுதான். நியாயமான கதவும் அல்ல. இருந்தாலும் இழிவு கருவியில் இருந்தது, ரத்தத்தில் இல்லை. கருவி வெளியே போனால் இழிவும் வெளியே போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆலை வந்தது, பெயர் தங்கியது

மிதிக்கிற காலை மாற்றியது தண்ணீர்ச் சக்கரம். ஓடும் நீர் சக்கரத்தைச் சுற்றும், அச்சில் உள்ள முனைகள் கனத்த மரச் சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போடும், அடியில் தொட்டியில் துணி. இங்கிலாந்தில் இதற்கான முதல் எழுத்துச் சான்று 1185-ஆம் ஆண்டு டெம்ப்ளர் துறவு வீரர்களின் சொத்துக் கணக்கில் வருகிறது: யார்க்‌ஷரில் ஒன்று, கிளாஸ்டர்ஷரில் ஒன்று. இந்த ஆலைகளை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் எலினோரா கேரஸ்-வில்சன் 1941-ல் 'பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி' என்று கட்டுரை எழுதினார். துணித்தொழில் பழைய நகரங்களை விட்டு, வேகமாக ஓடும் ஆறுகளைத் தேடிக் கிராமப்புறம் போனதற்கு ஆலைதான் காரணம் என்பது அவர் வாதம். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் ஆலைகள் பெருகியதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆலை யாருடையது? நிலக்கிழாருடையது, இல்லையென்றால் மடத்துடையது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் குடிகள் வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள், காசு செலவில்லை. மடாதிபதியோ, என் ஆலையில்தான் கொடுக்க வேண்டும், கூலி கட்ட வேண்டும் என்றார். 1274-ல் இது பெரிய வழக்காகி, ஜனங்கள் தோற்றார்கள். தானியம் அரைக்கும் கைத்திரிகைக்கும் இதே சண்டை. பின்னொரு மடாதிபதி வீடுவீடாகத் திரிகைக் கற்களைப் பறித்து, மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் ஜனங்கள் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்தெடுத்துத் துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு போனார்கள். தாத்தா தோற்ற வழக்கைப் பேரன் மறக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். கால் மிதிப்பு ஆலையிடம் தோற்றுக்கொண்டிருந்த அதே இருநூறு ஆண்டுகளில்தான் வாக்கர் என்ற பெயர் குடும்பங்களில் நிலைத்தது. காலால் மிதிப்பவன் குறையக் குறைய, அவன் பெயர் ஆலைக்காரனுக்கும் போனது. வடக்கே அந்த ஆலைக்கே 'வாக் மில்' என்று பெயர்.

கடல் தாண்டி

பெயர் அமெரிக்கா போனது. அங்கே அது இன்னொரு வழியிலும் பரவியது. அடிமைகளை வைத்திருந்தவர்களின் குடும்பப்பெயர்கள் அடிமைகளிடமும் தங்கின. இன்று அமெரிக்காவில் வாக்கர் என்ற பெயருள்ள கறுப்பின மக்கள் ஏராளம்.

சாரா பிரீட்லவ் 1867-ல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பல ஆண்டுகள் அடுத்தவர் துணியைத் துவைத்துப் பிழைத்தார். சார்லஸ் ஜோசஃப் வாக்கர் என்பவரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் தயாரித்துப் பெரும் செல்வம் சேர்த்தார். துணியை அலசிக்கொண்டிருந்த ஒருவருக்கு, துணி மிதித்தவரின் பெயர் வந்து சேர்ந்தது. தற்செயல்தான். ஆனாலும் படித்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் கதை இன்னும் ஆழமானது. அவருடைய கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி அடிமையாக, இடுப்பில் இரண்டு குழந்தைகளைச் சுமந்துகொண்டு, வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவின் ஈட்டன்டன் வரை நடத்தியே கொண்டுவரப்பட்டவர். அந்த நடையின் நினைவாகத்தான் பிறந்த வீட்டுப் பெயரான வாக்கரை வைத்துக்கொள்கிறேன் என்று ஆலிஸ் எழுதியிருக்கிறார்.

சொல்லாராய்ச்சிப்படி பார்த்தால் வாக்கர் என்றால் நடக்கிறவர் இல்லை. இங்கே அந்தத் திருத்தம் செல்லுமா? நூறு நூறு மைல் நடந்த ஒரு பாட்டிக்காக அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தக் குடும்பத்துக்கு அதன் பொருள் நடைதான். அகராதி ஒதுங்கி நிற்கட்டும்.

நம்ம பக்கம்

இத்தனையும் படித்தபோது ஒரு சின்னக் கேள்வி வந்தது. ஃபுல்லர் என்பதற்குத் தமிழில் என்ன? பைபிளில் இந்தத் தொழில் சில இடங்களில் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடங்களில் 'வண்ணான்' என்றிருக்கிறது. வேறு வழியில்லை. நம்முடையது பருத்தி நாடு. பருத்தி இழைக்குச் செதில் கிடையாது, எவ்வளவு மிதித்தாலும் கம்பளிபோல இறுகாது. அந்த வேலையே இல்லாதபோது சொல் எப்படி இருக்கும்? பக்கத்தில் இருந்தது வெளுக்கிற வேலை. காரத்துக்கு அவர்கள் மூத்திரம் வைத்தார்கள், நாம் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தோம்.

சென்னையில் ஒரு பேட்டையே அந்தப் பெயரில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஆங்கிலேயன் வாயில் அது வாஷர்மேன்பேட்.

எங்கள் தாத்தா ஊரில் துணி எடுக்க ஒருவர் வருவார். தாத்தாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கொல்லைப்புறமாகத்தான் வருவார். எட்டு வயதில் நான் அவரைப் பேர் சொல்லி, 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். பின்னால் அவர் மகன் படித்து வாத்தியார் வேலைக்குப் போனார். ஊரில் சிலர் அவரைக் குறிப்பிடும்போது, வாத்தியார் என்று சொல்லவில்லை. பழைய பெயரைத்தான் சொன்னார்கள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

மார்ல்பரோ சட்டத்தில் இருந்த அந்த அநியாயமான கதவுகூட இவருக்கு இல்லை. துறை, கல், வெள்ளாவிப் பானை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் அவர் பள்ளிக்கூடம் போனார். பெயர் மட்டும் கூடவே வந்தது. அங்கே தொழில் போனது, பெயர் வெறும் ஓசையாகி, விஸ்கி பாட்டிலில் தொப்பி வைத்துக்கொண்டு நடக்கிறது. இங்கே தொழில் போனபிறகும் பெயருக்குள் அதே எடை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவோம் என்று ஏன் முடிவெடுத்தார்கள் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் புரியவில்லை, இந்த வாக்கரைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் புரிந்தது. பெயரின் எடையை உதற அவர்களுக்கு எழுநூறு வருஷம் கிடைத்தது. நம்மிடம் அவ்வளவு அவகாசம் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த வாத்தியாரைத் தெருவில் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். 'வணக்கம் சார், அப்பா எப்படி இருந்தார் கடைசியில்?' என்று கேட்டேன். அவர் அப்பாவை நான் 'இருந்தார்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லி, ரொம்ப நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார்.